தாய்மொழி என்ற கட்டம்

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றி ஒரு விஷயம்.

இந்த வேலை எங்களைப் போன்ற வாத்தியார்கள் தலையில்தான் விழும். 1991-இல் பேட்டையில் எடுத்தேன். தாய்மொழி என்று கேட்டால் தமிழ், தமிழ் என்று வரிசையாக வரும். இடையிடையே உருது, தெலுங்கு. 2001-இல் வேலை வீரவநல்லூரில். அங்கே நெசவாளர் தெருவில் நம்மிடம் அசல் திருநெல்வேலித் தமிழ் பேசுவார்கள். உள்ளே திரும்பி வீட்டம்மாவைக் கூப்பிடுவது சௌராஷ்ட்ரத்தில். ஆனால் மொழியைக் கேட்டால், "தமிழ்னே போட்டுக்கோங்க சார், என்ன இப்போ" என்பார் ஒருவர். சின்ன வயதில் அம்மா பேசியது எதுவோ அதுதான் தாய்மொழி, சொன்னதை அப்படியே எழுத வேண்டும் என்பது எங்களுக்குக் கொடுத்த விதி. அதைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே மாற்றிச் சொன்னார்.

2011-இல் இப்படிச் சொன்னவர்கள் நாடு முழுக்க 2,47,702 பேர். அட்டவணையில் தேடிப் பாருங்கள், 'குஜராத்தி' என்ற தலைப்புக்குக் கீழே இருக்கிறார்கள்! அகமதாபாத்காரர் வந்து பேசினால் வீரவநல்லூர்க்காரர் விழிப்பார். தனி எழுத்து உண்டு, 2008-இல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. எட்டாவது அட்டவணையில்தான் பெயர் இல்லை.

நைஜீரியாவில் ஐந்நூறுக்கும் மேல் மொழிகள். சண்டை வரும் என்று 2006 கணக்கெடுப்பில் இனம், மதம் இரண்டையும் கேட்கவே இல்லை. நாம் மொழியைக் கேட்டு எழுதிவிட்டு, பிறகு பெரிய மொழியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம். எனக்கு இது கொஞ்சம் உறுத்தல்தான்.

சேர்த்தாலும் உள்வரிசையில் எண்ணிக்கை தனியாக அச்சாகிறது. அது வேண்டுமானால் வாசலில் வாத்தியார் கேட்கும்போது சௌராஷ்ட்ரம் என்றே சொல்லுங்கள்.