பெட்டியின் அடியில்

உத்தமபாளையம் பக்கத்துப் பந்தல்களில் பன்னீர் திராட்சைக்கு ஓய்வில்லை. ஆண்டு முழுக்க எங்காவது அறுவடை. அதனாலோ என்னவோ, மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்டக்காரன் எனக்கு அந்நியனாகப் படவில்லை. விடியலில் வந்தவனுக்கும் பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி தருகிறான். முன்னவன் முணுமுணுக்கிறான். பேசிய கூலியில் குறைவில்லை. அடுத்தவனுக்குக் கிடைத்ததுதான் உறுத்துகிறது. மனித சுபாவம்.

கதை மறுநாளைச் சொல்லவில்லை. அவன் திரும்ப வந்தானா? வந்து, அழுகின பழத்தைக் கத்தரித்து எறிந்தானா, பெட்டியின் அடியில் போட்டு மேலே நல்ல குலையை அடுக்கினானா? ஆதியாகமம் 4இல் காயீனுக்குக் கொலைக்கு முன்பே எச்சரிக்கை வருகிறது: பாவம் வாசலில் இருக்கிறது, அதை நீ ஆளலாம் என்று. அவனுக்கு வாசல், இவனுக்குப் பழப்பெட்டி. கூலிக்கு மெய்ப்புத் திருத்தும் எனக்கு, யாரும் கவனித்துப் படிக்காத கடைசிப் பக்கம்.