சரக்கு மாஸ்டர் தேவை

மதுரை கீழமாசி வீதிக்குப் போகிற வழியில் ஓர் ஓட்டல் வாசலில் அட்டை தொங்கியது: 'சரக்கு மாஸ்டர் தேவை'. பெங்களூரிலேயே வளர்ந்த அக்கா மகன் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "என்ன மாமா, இந்த ஓட்டல்ல பாரும் இருக்கா?" என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் வயதுக்காரர்களுக்குச் சரக்கு என்றால் பாட்டில்தான். ஓட்டல் அடுப்படியில் கதை வேறு. தோசைக்கல்லுக்கு ஒருவர், பரோட்டாவுக்கு ஒருவர், டீக்கு ஒருவர். குழம்பு, பொங்கல், வடை, இனிப்பு என்று மிச்சம் எல்லாவற்றிலும் கை வைப்பவர் சரக்கு மாஸ்டர். அவர் சொல்லாமல் லீவு போட்டால் அன்று கடை பாதிதான். விடியற்காலையில் கல்லாவிலிருந்து "சரக்கு ரெடியா?" என்று குரல் வந்தால், வடை வெந்ததா என்று பொருள்.

நாங்கள் போனதும் சரக்கு வாங்கத்தான். அவன் மனைவிக்குப் பிரசவமாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. லேகியம் கிளற அக்கா சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள்: சுக்கு, மிளகு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம், சித்தரத்தை, வால்மிளகு, ஜாதிக்காய், மாசிக்காய். நாட்டுமருந்துக் கடை அண்ணாச்சி சீட்டை முழுசாகக்கூடப் படிக்கவில்லை. "பிள்ளை பெத்த சரக்கா?" என்றார். டப்பாவிலிருந்து ஒரு சுக்கை எடுத்து ஒடித்தார். முறிந்த இடத்திலிருந்து மாவாகப் பொடி கொட்டியது. ஊசி நுழைகிற அளவில் இரண்டு ஓட்டை. "வண்டடிச்சிருக்கு. இருங்க, உள்ள புதுச்சரக்கு இருக்கு" என்று எழுந்து போனார். தன் சரக்கைத் தானே குறை சொல்லும் வியாபாரியைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

இந்தச் சொல்லின் சொந்த வீடு இப்படிப்பட்ட கடைதான் என்று எனக்கு ஓர் எண்ணம். சித்த மருத்துவத்தில் மருந்துக்கு ஆகிற மூலப்பொருள் எதுவும் சரக்குதான். வேரும் பட்டையும் காயும் மட்டுமல்ல. உப்புச் சரக்கு 25, பாடாணம் 64, உபரசம் 120 என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். அந்த 64 பாடாணத்தில் பாதி பிறவி, தானாகக் கிடைப்பது. பாதி வைப்பு, ஆள் செய்து வைப்பது. மருந்தாக்குவதற்கு முன்னால் சரக்குச் சுத்தி என்று ஒரு வேலை இருக்கிறது. சுக்குக்குத் தோலைச் சீவ வேண்டும், கடுக்காய்க்குக் கொட்டையை எடுத்துப் போட வேண்டும். ஒன்றுக்கு வெளியே நஞ்சு, இன்னொன்றுக்கு உள்ளே. யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்றவளுக்கு மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாம் சேர்த்து வைக்கிற குழம்புக்குப் பெயரே சரக்குக் கறி. அந்த வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அகராதியைத் திறந்தால் பண்டம், பொருள், சாமான் என்று அண்ணன் தம்பிகளாக வரிசையில் நிற்கும். கடைத்தெருவில் ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்கார முடியாது. பட்டினப்பாலைக் காலத்தில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் புலிமுத்திரை குத்தி அனுப்பியதெல்லாம் பண்டம். அத்தனை பெரிய ஆள் இன்று இளைத்து, தின்பண்டமாகக் குழந்தை கையில் இருக்கிறது. நகைக்கடையில் மட்டும் 'பண்டத்தை அடகு வச்சிருக்கேன்' என்று பழைய கௌரவம் கொஞ்சம் மிச்சம். சாமான் பாரசீகத்திலிருந்து வந்து மளிகையோடு ஒட்டிக்கொண்டது. பொருள் என்பதோ காசும் ஆகும், சொல்லின் அர்த்தமும் ஆகும். அதனால் கடைக்காரர் அதைத் தொடுவதில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சந்தைக்குக் கிளம்பினால் 'செலவு வாங்கப் போறேன்' என்பார்கள். கையிலிருந்து போகிற காசின் பெயரையே பைக்குள் வருகிற பொருளுக்கும் வைத்துவிட்டார்கள். இதில் எனக்கு இன்றுவரை ஆச்சரியம் தீரவில்லை. ரயிலிலும் ஒரு கூத்து: தடம் புரண்டால் செய்தித்தாளில் அது சரக்கு ரயில், கேட்டில் காத்து நிற்பவர் வாயில் கூட்ஸ் வண்டி.

சரக்கு என்று சொல்பவன் அதை விற்கிறவன், அல்லது விற்கிறவன் கண்ணால் பார்க்கிறவன். வீட்டுக்கு வந்து டப்பாவில் கொட்டிவிட்டால் அது மிளகு, சீரகம், சரக்கு இல்லை. 'செட்டியார் முறுக்கா, சரக்கு முறுக்கா' என்ற பழமொழியும் கல்லாவைச் சுற்றித்தான். மேடைப் பேச்சாளரிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது, இந்தக் கட்டுரை இவர் சொந்தச் சரக்கில்லை என்று எழுதுகிறவர்கள் ஒருவரை ஒருவர் குத்திக்கொள்வதிலும் அந்தக் கடை வாசனை உண்டு. பெண்ணைச் சரக்கு என்கிற சினிமா வாய் ஒன்று இருக்கிறது. அது மனுஷியை விலை பேசுகிற வாய். அதற்கு விளக்கவுரை வேண்டாம்.

பாட்டிலுக்கு இந்தப் பெயர் எப்படி ஒட்டியது? பெயர் சொல்லக் கூசுகிற பொருளுக்குப் பொதுப்பெயர்தான் நல்ல முக்காடு. அரசாங்கமும் அதையேதான் செய்திருக்கிறது. 1983-இல் தொடங்கி, 2003 முதல் சில்லறைக் கடையும் நடத்துகிற நிறுவனத்தின் பெயர் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம். என்ன வாணிபம் என்று பெயரில் ஒரு துப்பும் கிடைக்காது. வேடிக்கை அதோடு முடியவில்லை. 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடப்பில் இருக்கிறது. மனிதர் குடிக்கிற மது அந்த வரிக்குள் வராது. அதற்கு மாநிலங்கள் தனியாக வரி போடுகின்றன. ஊரே சரக்கு என்று கூப்பிடுகிற ஒன்று, சட்டத்தின் சரக்கு வரியில் இல்லை!

அண்ணாச்சி புதுச் சுக்கை ஒடித்தார். இந்தத் தடவை சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாகப் பொட்டலம் மடித்து, நூல் சுற்றி, பெரிய காகிதப்பையில் போட்டுக் கொடுத்தார். ஆட்டோவில் ஏறியதும் மாப்பிள்ளை புதிதாகக் கற்ற சொல்லோடு அம்மாவுக்குப் போன் போட்டான்: "சரக்கு வாங்கியாச்சும்மா. எல்லாம் ஃபிரெஷ்ஷு."

ஓட்டுநர் கண்ணாடி வழியே பையைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தரை.

"இந்நேரத்துக்கே கடையத் திறந்துட்டாய்ங்களா சார்?"