பதினோரு பேர், ஒரு கண்ட்ரோலர்

புதிதாக வருகிற தம்பி யாராக இருந்தாலும் முதல் ஆட்டத்தில் செய்வது ஒன்றுதான். கண்ட்ரோலர் கைக்கு வந்ததும் சதுரம், முக்கோணம், வட்டம் என்று எல்லாப் பட்டனையும் அமுக்குவான். திரையில் அவனுடைய ஆள் காற்றைக் குத்திக்கொண்டே முன்னேறுவான். ஒரு நிமிடம் பார்க்க ஜோராக இருக்கும். அதற்குள் ஸ்டாமினா கரைந்துவிடும், கை கனத்துவிடும். எதிராளி அவசரமே இல்லாமல் ஒரு குத்து வைப்பான். நம் ஆள் கீழே கிடப்பான்.

இஏ ஸ்போர்ட்ஸ் யூஎஃப்சி 4 என்கிற வீடியோ கேமைப் பற்றிப் பேசுகிறோம். 2020 ஆகஸ்டில் வந்தது. குத்து, உதை, மல்யுத்தம், தரையில் புரண்டு பூட்டுப் போடுவது எல்லாம் கலந்த சண்டை. ஐந்து நிமிடச் சுற்று மூன்று. பட்டத்துக்கான சண்டை என்றால் ஐந்து சுற்று.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் எங்கள் படிப்பு வட்டம் நடக்கிறது. கல்லூரி மாணவர்கள், உணவு டெலிவரி செய்யும் இரண்டு தம்பிகள், செவிலியர் படிப்பு படிக்கும் ஒரு தங்கை என்று பதினோரு பேர். வார நாட்களில் டிஎன்பிஎஸ்சி தயாரிப்பும் அம்பேத்கர் வாசிப்பும். சனி, ஞாயிறு மாலை விளையாட்டு. (கொட்டகை கிடைக்கும் முன் வாடகைக்கு அறை கேட்டு ஏறி இறங்கிய வீடுகள் தனிக் கதை. என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்கள், அப்பா என்ன வேலை என்று கேட்டார்கள், சொந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். தெரிந்துகொள்ள விரும்பியதை மட்டும் யாரும் நேராகக் கேட்கவில்லை.) ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பழைய பிஎஸ்4 வாங்கினோம். 2023 அக்டோபரில் வந்த யூஎஃப்சி 5 இதில் ஓடாது; அதற்கு வேண்டிய பிஎஸ்5 எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. இரண்டாவது கண்ட்ரோலர்கூட இன்னும் வாங்கவில்லை. ஒருவர் ஆடுவார், பத்துப் பேர் பார்ப்பார்கள்.

அந்தப் பத்துப் பேரால்தான் எங்கள் ஆட்டம் தேறியது.

பிஎஸ்4 கடைசிப் பதினைந்து நிமிட ஆட்டத்தைத் தானாகவே பதிவில் வைத்திருக்கும். ஒரு பட்டனை அமுக்கினால் சேமித்துக்கொள்ளலாம். மூன்று சுற்று முழுக்க அதில் அடங்கும். சண்டை முடிந்ததும் அதைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் நோட்டை வைத்துக்கொண்டு காற்றில் போன அடிகளை மட்டும் எண்ணுவார். இந்த கேமில் படாத அடிக்குப் பட்ட அடியைவிட அதிக ஸ்டாமினா செலவாகும். அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, கொஞ்சம் ஒதுங்கி நின்றால் திரும்ப ஏறிவிடும். இன்னொன்று, அந்த ஏற்றத்துக்கான உச்சவரம்பு. அது சண்டை போகப் போகத் தாழ்ந்துகொண்டே வரும். சுற்றுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வில் முழுதாக மீளாது. வயிற்றில் வாங்கும் அடி இதைத்தான் தின்னும். முதல் சுற்றில் வயிற்றில் வைத்த நாலு குத்து அப்போது எதையும் காட்டாது. மூன்றாவது சுற்றில் எதிராளி ஓட நினைப்பான், கால் வராது. போராட்டக் களத்தில் முதல் நாளே தொண்டையைக் கிழித்துக்கொண்டு மூன்றாம் நாள் காணாமல் போகும் தோழர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெயர் சொல்ல மாட்டோம்.

இன்னொருவர் வேலை எதிராளியை மட்டும் பார்ப்பது. நெருக்கடி வந்தால் எந்த ஆட்டக்காரரும் தனக்குப் பழகிய இரண்டு மூன்று அடிகளுக்குள் போய் ஒளிந்துகொள்வார். இடது, வலது, பிறகு காலில் ஒரு உதை. மறுபடி இடது, வலது, காலில் உதை. கண்ட்ரோலரைப் பிடித்திருப்பவருக்கு அந்த வேகத்தில் இது தெரியாது. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். "அக்கா, ரெண்டாவது குத்துக்குத் தலையைச் சாய்ங்க" என்று சத்தம் வரும். தலை சரியான பக்கம் சாய்ந்து, உடனே திருப்பி அடித்தால் அந்த அடிக்குப் பலம் கூடுதல். தவறான பக்கம் சாய்ந்தால் வாங்கும் அடிக்குப் பலம் கூடுதல். கையை உயர்த்தித் தடுத்துக்கொண்டே நிற்கவும் முடியாது. தடுப்பும் அடி வாங்க வாங்கத் தேய்ந்து உடையும்.

தரைச் சண்டையில் எங்கள் செவிலியர் தங்கையை மிஞ்ச ஆளில்லை. பெரும்பாலானவர்கள் தரைக்குப் போனாலே பதறிப்போய் எழுந்துகொள்ளப் பார்ப்பார்கள். மேலே இருப்பவர் செய்ய வேண்டியது பொறுத்திருப்பதுதான். கீழே இருப்பவர் எந்தப் பக்கம் புரள்கிறார் என்று பார்த்து அந்தப் பக்கத்தை அடைத்தால், எழும் முயற்சி தோற்பதோடு அவருடைய ஸ்டாமினாவும் போகும். நாலு முறை அடைத்தபின் பூட்டுப் போட்டால் மீள வலு இருக்காது. 2024 ஜூனில் பூஜா தோமர் யூஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனபோது அந்தச் சண்டையைக் கொட்டகையில் இரண்டு முறை போட்டுப் பார்த்தது தங்கைதான்.

இந்த ஊரில் மல்லர் ஒருவரின் கதை உண்டு. உறங்காவில்லி. உறையூரில் அரசனிடம் சேவகம் செய்த மல்லர், பிறகு ராமாநுஜரின் சீடரானவர் என்று வைணவ மரபு சொல்கிறது. காவிரிக்குக் குளிக்கப் போகும்போது பிராமணச் சீடரின் கையைப் பிடித்துக்கொண்டு போன ராமாநுஜர், குளித்துத் திரும்பும்போது உறங்காவில்லியின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். மற்றச் சீடர்கள் முகம் சுளித்தார்கள். கதையை மெச்சுகிறவர்கள் குருவின் பெருந்தன்மையைச் சொல்வார்கள். நாங்கள் முகம் சுளித்தவர்களைக் கவனிக்கிறோம். ஒரு மல்லனின் கையைப் பிடித்தது நூற்றாண்டுகள் தாண்டியும் பேசப்படுகிறது என்றால், அந்தக் கையை மற்றவர்கள் எப்படி வைத்திருந்தார்கள்? மல்யுத்தத்தில் தொடாமல் ஜெயிக்க முடியாது. திரையில் இரண்டு உடல்கள் கழுத்தும் காலும் பின்னிக் கிடக்கும்போது எங்களில் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுக்காமல் இருப்பதில்லை.

இப்போது ஒரு கணக்கு. வாரம் இரண்டு மாலையும் சேர்த்து ஏழரை மணி நேரம். பதினோரு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாற்பது நிமிடம். ஆண்டு முழுக்க ஒரு வாரம் விடாமல் ஆடினால் சுமார் 35 மணி நேரம். வீட்டில் சொந்த கன்சோலும் நல்ல இணைய இணைப்பும் வைத்திருக்கும் பையன் தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் 730 மணி நேரம். இருபது மடங்குக்கு மேல். ஆன்லைனில் இருவரும் மோதுகிறார்கள். அவன் ஜெயிக்கிறான். பார்ப்பவர்கள் அதைத் திறமை என்கிறார்கள்.

திறமை இருக்கிறதுதான், மறுக்கவில்லை. அது எதனால் ஆனது என்பதே கேள்வி. மணி நேரங்களால் ஆனது. அந்த மணி நேரங்கள் நிலம் போலவே பங்கிடப்பட்டிருக்கின்றன. சிலருக்குப் பிறக்கும்போதே வந்துவிடுகின்றன.

"மெரிட்" பேசும் நண்பர்கள் இந்த விளையாட்டின் வரலாற்றைப் படிக்கலாம். முதல் யூஎஃப்சி 1993 நவம்பர் 12இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்தது. எடைப் பிரிவு கிடையாது. யாரும் யாரோடும் மோதலாம். அன்று ஜெயித்தது பெரிய உடம்புக்காரர் அல்ல, சுமார் 80 கிலோ எடையுள்ள பிரேசில் வீரர் ராய்ஸ் கிரேசி. ஒரே இரவில் மூன்று பேரைத் தரையில் பணிய வைத்து வென்றார். "பார்த்தீர்களா, சின்ன ஆளும் ஜெயிக்கலாம், எடைப் பிரிவு எதற்கு?" என்று அந்த விளையாட்டு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 1997இல் எடைப் பிரிவுகளைக் கொண்டுவந்தது. இன்று ஆண்களுக்கு மட்டும் எட்டுப் பிரிவுகள், 56.7 கிலோவிலிருந்து 120 கிலோ வரை. 57 கிலோ சாம்பியனைப் பார்த்து "நீ சலுகையில் வந்தவன்" என்று எவரும் சொல்வதில்லை. நம் ஊரில் மட்டும் ஒரு கிரேசியைக் காட்டி மற்ற எல்லாரையும் 120 கிலோவோடு மோதச் சொல்கிறார்கள்.

ஆன்லைனில் எதிராளிக்கு எங்கள் முகம் தெரியாது, தெரு தெரியாது. சில மாதம் அது பெரிய விடுதலையாக இருந்தது. பிறகு ஒரு ஞாயிறு, பெயரின் வாலில் தன் சாதியையும் சேர்த்து வைத்திருந்த ஒருவரைத் தங்கை இரண்டாவது சுற்றில் கழுத்துப் பூட்டில் முடித்தாள். தமிழில் செய்தி வந்தது. முதலில் "எந்த ஏரியா?" பிறகு "என்ன ஆளுங்க?" பதில் போகாததால் மூன்றாவதாக ஒரு சாதிப் பெயரும் ஒரு கெட்ட வார்த்தையும். ஊகம்தான், ஆனால் தோற்றவருக்கு அது போதுமாக இருந்தது.

தங்கை பதில் எழுதவில்லை. திரையைப் படம் எடுத்து, தேதி, நேரம், அந்த ஐடி எல்லாவற்றையும் நோட்டில் குறித்து, புகார் பட்டனை அமுக்கிவிட்டு கண்ட்ரோலரை அடுத்தவரிடம் கொடுத்தாள். அவளுடைய நாற்பது நிமிடம் முடிந்திருந்தது. தோழர்கள் எங்கு இப்படி நடந்தாலும் இதையே செய்யுங்கள். திட்டி எழுதினால் அவன் அதை மட்டும் வெட்டிப் பரப்புவான். வழக்குப் போடுவதா என்பதை வழக்கறிஞர் தோழரிடம் காட்டிவிட்டு முடிவெடுக்கலாம். செய்தியை அழித்துவிட்டால் காட்ட எதுவும் இருக்காது.

உங்கள் வட்டத்திலும் ஆரம்பிக்க நினைத்தால்: பழைய டிஸ்க் வாங்கும்போது பின்பக்கக் கீறலைப் பாருங்கள், கடையிலேயே ஒருமுறை போட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஆன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ் சந்தா தனியாகக் கட்ட வேண்டும். அந்தக் காசுக்கு முதலில் இரண்டாவது கண்ட்ரோலர் வாங்கிவிடுங்கள். உங்களுக்குள்ளேயே மோதிக்கொள்ள இணையம் தேவையில்லை. நாங்களும் தீபாவளிக்குள் வாங்கிவிடுவோம். நோட்டு வாங்க மறக்காதீர்கள், நூறு பக்கம் போதும்.