தேர் போக மிஞ்சிய இடம்

திருவண்ணாமலையில் தெருவின் அகலத்தைத் தீர்மானித்தது தேர். கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாட வீதியைச் சுற்றி வருகின்றன. பிள்ளையார், முருகன், பிறகு மகாரதம் என்கிற பெரிய தேர், பெண்களே வடம் பிடிக்கும் அம்மன் தேர், சிறுவர்கள் இழுக்கும் சண்டிகேசுவரர் தேர். தேரடி வீதி, திருவூடல் தெரு, பே கோபுரத் தெரு, பெரிய தெரு என்று சக்கரம் உருண்டு வர வேண்டிய பாதை. அதற்கு மிஞ்சிய இடத்தில்தான் கடைகள். வருஷம் முழுக்க ஒரு சாக்கு மூட்டை, ஒரு பலகை, ஒரு தகரக் கூரை என்று தெருவுக்குள் நகர்ந்துவந்த கடை, தேருக்கு முந்தின நாள் தன் பழைய எல்லைக்குத் திரும்பிவிடும். நகரசபையின் எந்த உத்தரவுக்கும் கிடைக்காத கீழ்ப்படிதல் இது. 2023இல் இந்த வீதிகளில் கான்கிரீட் போடத் தொடங்கினார்கள். தரை மாறியது, தேருக்கு விட வேண்டிய அகலம் மாறவில்லை.

சொந்த ஊர்த் தெருவைப் பற்றித் தமிழில் எழுதப்படுகிற கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே கட்டுரைதான். காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை, கல்லாவில் உட்கார்ந்திருந்த நல்ல மனிதர், அவர் கொசுறாகத் தந்த பொட்டுக்கடலை, பிறகு ஒரு நாள் கடை இடிபட்டுக் கண்ணாடி வைத்த கட்டடம். ஊர்ப் பெயரை மாற்றிக் கும்பகோணம் என்றோ மதுரை என்றோ போட்டுக்கொண்டாலும் வாசகனுக்கு வித்தியாசம் தெரியாது. ஞாபகம் இவ்வளவு பொதுவாகிவிட்டால் அது யாருடைய ஞாபகமும் அல்ல. எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. அதனால்தான் அதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. போனது எது?

திருவண்ணாமலை வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1989இல். நான் பிறந்ததும் அதையொட்டித்தான். எனக்கு விவரம் தெரிந்த நாளில் சின்னக்கடைத் தெருவும் கடலைக்கடை மூலையும் கிராமத்து ஜனங்களுக்கான இடங்களாக இருந்தன. செங்கம், போளூர், தண்டராம்பட்டு, வேட்டவலம் பக்கத்து ஆட்கள் மல்லாட்டை விற்ற காசோடு பஸ்ஸிலிருந்து இறங்கி இந்தத் தெருக்களுக்குள் வருவார்கள். இரும்புக் கடையில் மண்வெட்டி, கடப்பாரை, கொழு. கயிற்றுக் கடையில் மூக்கணாங்கயிறு. நாட்டு மருந்துக் கடையில் வசம்பு, சுக்கு, அரிசித் திப்பிலி. பாத்திரக் கடையில் சீர்வரிசைக்கு அண்டா. அண்டாவில் பேர் வெட்டுகிறவர் கடை வாசலில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார். சிற்றுளியை வைத்துத் தட்டத் தட்டப் புள்ளி புள்ளியாக எழுத்து வரும். பெண்ணின் பெயர், ஊர், தேதி. தப்பாக வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது என்பதால் ஒவ்வொரு பெயரையும் இரண்டு தரம் கேட்டுக்கொள்வார்.

கடைக்குள் நுழைகிற எந்தச் சிறுவனிடமும் கேட்கப்பட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: “யாரு வூட்டுப் பையன்டா நீ?” பதில் சொன்ன மாத்திரத்தில் கடைக்காரருக்கு எல்லாம் விளங்கிவிடும். அப்பாவின் உத்தியோகம், பற்று நோட்டில் எந்தப் பக்கம், தாத்தா காலத்துப் பாக்கி, இந்தப் பையனிடம் கடனுக்குச் சாமான் கொடுத்தனுப்பலாமா கூடாதா. நாம் ஏங்குகிறோமே, அந்த நெருக்கம் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது. அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. ஊரில் நமக்கென்று ஓர் இடம் ஏற்கனவே இருக்கிறது என்கிற சுகம்.

அதே கேள்வி என் வகுப்புத் தோழன் ஒருவனை வேறு விதமாக வந்தடைந்தது. அவன் பாட்டி வேட்டவலம் சாலையில் ஒரு கிராமத்துக் காலனியிலிருந்து வருவார். கடைப் படிக்குக் கீழே நின்றுதான் சாமான் கேட்பார். மீதிச் சில்லறை அவர் கைக்கு வராது. பலகைமேல் வைப்பார்கள், அவர் எடுத்துக்கொள்வார். யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்ல அவசியமில்லாதபடி எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. இன்று சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண் யார் வீட்டுப் பிள்ளை என்று யாரையும் கேட்பதில்லை. பழைய கடைகளைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது அந்தத் தோழன் ஒருமுறை சொன்னான்: “உனக்குப் பழைய கடை வேணும்பா. எனக்கு இந்த ஏ.ஸி. போதும்.” நான் படித்த எந்தத் தெருக் கட்டுரையிலும் இந்த வாக்கியத்துக்கு இடம் இருந்ததில்லை.

தெரு மாறியதற்குக் கண்ணாடிக் கட்டடங்களைக் காரணம் காட்டுவது சுலபம். தெரு தன் வாடிக்கைக்காரனை மாற்றிக்கொண்டது என்பதே முக்கியம் என்று எனக்குப் படுகிறது. கார்த்திகை தீபத்துக்கு வருகிற கூட்டம் பழையது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனங்கள் வருவது 1990களிலிருந்து வலுத்த வழக்கம். இப்போது ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் நிறைய வருகிறார்கள். கடைப் பலகைகளில் தெலுங்கு வந்துவிட்டது. கொழு விற்ற இடத்தில் ருத்திராட்சம், தண்ணீர் பாட்டில், மாடியில் லாட்ஜ். வியாபாரம் பெருகித்தான் இருக்கிறது. ஆனால் பழைய கடை, அதே ஆள் அறுவடைக்குப் பிறகு திரும்பி வருவான் என்ற நம்பிக்கையில் நடந்தது. பற்று நோட்டு அந்த நம்பிக்கையின் எழுத்து வடிவம். விடிந்ததும் பஸ் ஏறிப் போய்விடுகிறவனுக்குப் பற்று எதற்கு? கல்லாவுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். சதுரத்துக்கு எல்லாரும் ஒன்றுதான். படிக்குக் கீழே நின்ற பாட்டியின் பேரனுக்கு அது மரியாதை. மழை பொய்த்த வருஷத்தில் அரிசிக்குக் கடன் சொல்ல வேண்டியவனுக்கு அது கதவடைப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்க்காத ஏக்கம் அரைகுறையானது.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது விளங்கும். சில நூறு விலாசங்களைக் கையால் எழுதித் தபாலில் சேர்க்கிற நாமும் ‘யார் வீட்டுப் பையன்’ என்று கேட்கிற கடைதான். நெருக்கம் நம்மிடம் உண்டு. படியும் உண்டு.

ஊரை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கலாமே என்பவர்களுக்கு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்த வேண்டும். 2002 செப்டம்பரில் அருணாசலேசுவரர் கோவிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னமாக்க மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. தொல்லியல் துறையின் பொறுப்பில் ஒரு சின்னம் போனால் அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. 1992லிருந்து இருக்கிற விதி இது. ஊர் எதிர்த்தது, 2004இல் அறிவிக்கை கைவிடப்பட்டது. கோவிலும் வழிபாடும் யார் கையில் என்பதே அன்று பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் அந்த 100 மீட்டருக்குள் நாம் ஏங்குகிற தெருக்களும் அடக்கம். பிறகு 2023இல் அறநிலையத் துறை ராஜகோபுரத்துக்கு எதிரே வணிக வளாகம் கட்ட முற்பட்டபோதும் ஊர் எதிர்த்தது. வழக்கு உயர்நீதிமன்றம் போயிற்று, வேலை நின்றது. தெரு உறைந்துபோவதையும் ஊர் ஒப்பவில்லை, 217 அடிக் கோபுரத்தின் முகத்தை மறைப்பதையும் ஒப்பவில்லை. இந்த இரண்டு மறுப்புக்கும் நடுவில் கிடைத்த இடத்தில்தான், அவரவர் சௌகரியப்படி, கடை கடையாக இடித்துக் கட்டிக்கொண்டோம். இடித்தவர்கள் வெளியாட்கள் அல்லர்.

நம் தெருக்களைப் பற்றிய விரிவான ஆய்வு ஒன்று இருக்கிறது. தூரக் கிழக்குக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளி திருவண்ணாமலையைப் பற்றி ஐந்து தொகுதிகள் கொண்டுவந்தது. கல்வெட்டுகள், கட்டடக்கலை, சடங்குகள், கோவிலின் சமூக அமைப்பு என்று போகிற வரிசையில் 1990இல் வந்த ஒன்று முழுக்க நகரத்தைப் பற்றியது. அது பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்தவர்களும் படிக்குக் கீழே நின்றவர்களும் அதில் சமமாக வெளியே நிற்கிறார்கள். தமிழில் நாம் எழுதிவைத்திருப்பது காப்பிக்கொட்டை வாசனை.

நான் வங்கிக் குமாஸ்தா. ஒரு கடை மூடப்போவது தெருவுக்குத் தெரியும் முன் பேரேட்டுக்குத் தெரிந்துவிடும். தினமும் விழுந்த தொகை வாரம் ஒரு முறையாகும், பிறகு நிற்கும். இரண்டு வருஷம் வாடிக்கையாளர் தொடாத கணக்கைச் செயல்படாக் கணக்கு என்று ஒதுக்குவோம். பத்து வருஷமானால் பணம் ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய நிதிக்குப் போய்விடும். அப்போதும் அது தொலைந்துவிடுவதில்லை. வாரிசு வந்து கேட்டால் வங்கி கொடுக்க வேண்டும். கொடுத்ததை நிதியிடமிருந்து பெற்றுக்கொள்ளும். ஆனால் வருகிறவர் இன்னாருக்கு இன்ன உறவு என்று காகிதத்தில் காட்டியாக வேண்டும். அந்தக் கடையைத் தெரியும், சின்ன வயதில் பொட்டுக்கடலை வாங்கித் தின்றிருக்கிறேன் என்பது போதாது.

எழுதுகிறவனிடமும் இதையே கேட்கலாம். எந்தக் கடை, என்ன விற்றார்கள், யாருக்குக் கடன் தந்தார்கள், யாரை எங்கே நிறுத்தினார்கள் என்று சொல்லட்டும். பலகைமேல் வைத்த சில்லறையையும் கணக்கில் காட்டட்டும். அப்படி எழுதப்பட்ட தெரு எனக்கும் என் தோழனுக்கும் ஒரே தெருவாகிவிடும் என்று நான் நம்பவில்லை. இருவரும் அதை அடையாளம் கண்டுகொள்வோம். இதுவரை எழுதப்பட்டவற்றில் அதுகூட நடக்கவில்லை.