பேப்பர் கடைக்குப் போகவிருந்த ஒரு தட்டு



இன்று ஜெமினி மேம்பாலம் இருக்கும் இடத்தருகே ஒரு காலத்தில் ஜெமினி ஸ்டூடியோ இருந்தது, தெரியுமல்லவா? நடனக் கலைஞர் உதயசங்கர் தன் 'கல்பனா' படத்தை எடுத்தது அங்கேதான். 1948-ல் வெளிவந்தது. நம் பத்மினி முதன்முதலில் திரையில் ஆடியதும் அதில்தான். அப்போது சின்னக் குழந்தையாக இருந்த அவர் மகன் ஆனந்த சங்கரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பண்டிட் ரவிசங்கருக்கு அண்ணன் பிள்ளை.

அறுபதுகளில் பீட்டில்ஸ் சித்தாரைத் தொட்டதும் மேற்கே அது ஒரு மோகமாகிவிட்டது. ராக் பாட்டு நடுவே ஊதுவத்தி ஏற்றின மாதிரி இரண்டு மீட்டு. கேட்பவர்கள் பாதிப்பேர் போதையில். சைகடெலிக் என்று பெயர் வைத்தார்கள். ரவிசங்கருக்கு அந்தப் போதைச் சங்கதி அறவே பிடிக்கவில்லை. ஆனந்த சங்கரோ எதிர்த்திசையிலிருந்து வந்தார். பனாரஸில் லால்மணி மிஸ்ராவிடம் முறையாகக் கற்றவர், ராக்கைச் சித்தாருக்குள் அழைத்து வந்தார். துணைக்கு மூக் சின்தசைஸர். 1970-ல் அமெரிக்காவின் ரிப்ரைஸ் கம்பெனி அவருடைய முதல் தட்டை வெளியிட்டது.

அது எங்கள் அண்ணாவின் அலமாரியில் இருந்தது. மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்கிறோம் அல்லவா, எம்.எஸ்., ஜி.என்.பி. தட்டுகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே போட்டி. "அந்த இங்கிலீஷ் தட்டு" மட்டும் பழைய பேப்பர்காரருக்காம்! அண்ணா போய்விட்டார், அவருக்காகப் பேச யாருமில்லை. அது எனக்கு வேண்டும் என்று அன்றே எழுதிவிட்டேன்.

முதல் பக்கத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்று, டோர்ஸ் பாட்டு ஒன்று. பேர் வாங்கியது இவைதான். எனக்கு வேடிக்கை, அவ்வளவே. மறுபக்கத்தில் 'சாகர்' இருக்கிறது, பதின்மூன்று நிமிஷம். துளி அவசரமில்லாமல் ஆலாபனை போல ஆரம்பிக்கும். எலியட்ஸ் பீச்சில் விடியற்காலை அலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். மூக் சில இடங்களில் தூக்கல்தான், ரசத்தில் பெருங்காயம் கூடிப்போன மாதிரி.

கடைசி உருப்படி, நீங்கள் பிரேயரில் பாடின அதே 'ரகுபதி ராகவ'. "பஜனையை இப்படியா கெடுப்பது?" என்று பெரியப்பா அண்ணாவிடம் சண்டைக்கே வந்தார். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, நம் பக்கத்து மணலியில் இருந்தபோது வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாத கச்சேரி எந்த சபாவில் நடக்கிறது? அபசாரம் என்றால் அதுவும் அபசாரம்தானே.

ராக் ரசிகர்களுக்கு இது ரொம்ப இந்தியா, நம்மவர்களுக்கு ரொம்ப அமெரிக்கா. நடுவில் நின்றவரை இரண்டு பக்கமும் விட்டுவிட்டது. 1990-களில் லண்டன் டி.ஜே.க்கள் அவருடைய 1975 தட்டிலிருந்து சில உருப்படிகளைத் தோண்டியெடுத்து ஆட வைத்தார்கள். 1999-ல், அறுபது வயது நிறையும் முன்பே, போய்விட்டார்.

பசங்களா, ஒரு உதவி. பிளேயர் ஓடுகிறது, ஊசிதான் தேய்ந்துவிட்டது. தி. நகர், ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் எங்கே கிடைக்கும் என்று கமெண்ட்டில் சொல்லுங்கள்.