காற்றுக்கு ஒரு பெயர், கடலுக்கு ஒரு கணக்கு

காற்றைத் திசையறிந்து பெயரிட்டு அழைத்தவர்கள் தமிழர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று நம் முன்னோர் வகுத்தனர். ஈழத்துக் கரையோர மக்கள் இவ்வகுப்பைத் தம் தொழிலுக்கேற்பத் திருத்திக்கொண்டனர். மேற்குக் காற்று அவர்களுக்குக் கச்சான். ஆண்டின் நடுப்பகுதியில் தென்மேற்கிலிருந்து மாதக்கணக்கில் ஓயாது வீசுவது சோளகம். செங்கை ஆழியான் அவர்கள் நெடுந்தீவுக் கடற்றொழிலாளரின் வாழ்வை நாவலாக்கியபோது அதற்கு இட்ட பெயரே ‘வாடைக்காற்று’ என்பதாகும்.

எனது அம்மப்பா பருத்தித்துறைப் பக்கத்தில் வள்ளம் வைத்திருந்தவர். “சோளகம் பிறந்திட்டுது” என்று அவர் சொன்னால் அது வானிலைச் செய்தி மட்டுமன்று. வடகரையில் காற்று இனித் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும், கரையோரம் அலை அடங்கும், இன்ன வலையை எடுக்கலாம், இன்ன வலையை மடித்து வைக்கலாம் என்பன எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. ஐப்பசி கார்த்திகையில் வாடை திரும்பியதும் அதே கரை முகம் மாறும். இரவில் பாயிற் படுத்திருந்தே கடலின் இரைச்சலைக் கேட்டு மறுநாளைத் தீர்மானிப்பார்கள்.

இலங்கை ஒரு தீவாக இருப்பதனால் இந்த அறிவுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலிப் பக்கத்துக் கடலைக் கலக்குகிறது. அக்காலத்தில் கிழக்குக் கரை மலைகளின் மறைவில் அமைதியாயிருக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகிறது. இதனால்தான் மேற்குக் கரை மீனவர்கள் பருவந்தோறும் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கங்களுக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்து மீண்டும் திரும்பினார்கள். இன்று உலகெங்கிலுமிருந்து அலைச்சறுக்கு விளையாட்டுக்காக இளைஞர் பொத்துவிலுக்கு அண்மையிலுள்ள அறுகம்குடாவுக்கு ஆண்டின் நடுப்பகுதியில் வருவதும், மார்கழி தை மாதங்களில் ஹிக்கடுவை, வெலிகமை ஆகிய இடங்களை நாடுவதும் இதே காரணத்தினால்தான். மீனவனும் சறுக்குப் பலகைக்காரனும் ஒரே காற்றைத்தான் பின்தொடர்கிறார்கள். ஒருவன் அலை இல்லாத இடத்தைத் தேடுகிறான், மற்றவன் நல்ல அலை உள்ள இடத்தைத் தேடுகிறான். வேறுபாடு அவ்வளவே.

இத்தகைய அறிவோடு சிட்னிக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு முதலில் நேர்வது திகைப்பு. செவன் ஹில்ஸ் என்னும் இந்த ஏழுமலையில் (வேங்கடவன் இன்றி) வாழும் நமக்குக் கடல் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. எனினும் கடற்காற்றின் கைவரிசை இங்கும் தெரியும். கோடை நாளொன்றில் வெப்பம் நாற்பது பாகையை எட்டி நிற்கும். மாலையில் தெற்கிலிருந்து திடீரென ஒரு காற்று கதவுகளை அறைந்து சாத்தும்; சில நிமிடங்களில் வெப்பம் பத்துப் பதினைந்து பாகை இறங்கிவிடும். ‘சதர்லி பஸ்டர்’ என்று இதனை அழைப்பார்கள். தெற்கிலிருந்து வருவதால் இலக்கணப்படி இது தென்றல்! தென்றல் மெல்லெனத் தவழும் என்று தமிழ் வகுப்பிற் படித்த சிறுவன் ஒருவன், “அப்படியானால் கூரை ஓட்டைத் தூக்குவது எது?” என்று கேட்டான். நல்ல கேள்வி. பூமியின் தென்பாதியில் குளிர் தெற்கிலிருந்து வருகிறது. நம் வாடையின் குணம் முழுவதும் இங்கே தென்றலிடம் குடிபெயர்ந்துவிட்டது. கோடைப் பிற்பகல்களில் வடகிழக்கிலிருந்து வரும் குளுமையான கடற்காற்றே இங்கு நம் பழைய தென்றலின் வேலையைச் செய்கிறது.

பெயர்கள் கைகொடாதபோது எண்களைக் கற்கவேண்டியிருக்கிறது. அவுஸ்திரேலிய வானிலைப் பணியகம் சிட்னிக் கரைக்கு நாள்தோறும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. காற்றின் திசையும் வேகமும் முதலில் வரும். வேகம் ‘நொட்’ என்னும் அளவில் இருக்கும். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். 26 நொட் ஆனால் பலத்த காற்று எச்சரிக்கை, 34 ஆனால் அதற்கு மேற்பட்ட எச்சரிக்கை, 48 ஆனால் புயல் எச்சரிக்கை. அடுத்து அலை இரண்டாகப் பிரித்துச் சொல்லப்படும். அவ்விடத்துக் காற்றே எழுப்பும் குட்டை அலை ஒன்று. தொலைவில் எங்கோ பிறந்து நீண்டு வரும் அலை மற்றொன்று. பின்னதை ‘ஸ்வெல்’ என்பார்கள். வசதி கருதி நெட்டலை என்கிறேன்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அறிவிக்கப்படும் காற்றின் வேகம் சராசரி வேகம். வீச்சுகள் அதனிலும் 40 வீதம் கூடுதலாக இருக்கலாம். அலையின் உயரம் என்பது மிக உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. தனியொரு அலை அதன் இரு மடங்கு வரை எழலாம். 1998 டிசெம்பர் 26ஆந் திகதி சிட்னியிலிருந்து ஹோபாட் நோக்கி 115 பாய்க்கப்பல்கள் போட்டிக்குப் புறப்பட்டன. புயல் எச்சரிக்கை வெளியிடப்பட்டிருந்தும் கப்பல்கள் தொடர்ந்து சென்றன. ஐந்து கப்பல்கள் மூழ்கின, அறுவர் உயிரிழந்தனர், 55 பேர் மீட்கப்பட்டனர். அனுபவமிக்க மாலுமிகளிற் பலரும் முன்னறிவிப்பின் எண்கள் சராசரிகளே என்பதைச் சரிவர உணர்ந்திருக்கவில்லை என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. அவ்விரு வாசகங்களும் இன்று முன்னறிவிப்போடு சேர்த்தே வெளியிடப்படுகின்றன. அவற்றை வெறும் சம்பிரதாயம் என்று எண்ணித் தாண்டிச் செல்லுகிறவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது.

நெட்டலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் குடும்பங்களுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் அதனாலேயே. இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்குவதற்காக அலைகளை முன்கூட்டியே கணிக்கும் முறையை வகுத்தவர்களில் ஒருவர் வால்டர் மங்க் என்னும் அறிஞர். அவர் 1963இல் பசிபிக் பெருங்கடலின் குறுக்கே வரிசையாகக் கருவிகளை அமைத்து, தென்துருவத்தை அடுத்த கடலில் எழுந்த அலைகள் அலாஸ்கா வரை பயணஞ் செய்வதைக் காட்டினார். ஓர் அலைமுடிக்கும் அடுத்த அலைமுடிக்கும் இடையே 18 செக்கன் உள்ள நெட்டலைக் கூட்டம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் செல்லும். ஆகவே அலை பிறந்த புயல் ஓய்ந்து, வானம் தெளிந்து, காற்றும் அடங்கிய நாளில் அது கரையை வந்து அறையலாம்.

தென்னிந்தியப் பெருங்கடலின் புயல்களே அறுகம்குடாவுக்கு அலையை அனுப்புகின்றன. அவையே கேரளத்துக்கும் குமரிக்கும் எதிர்பாராது வந்து கரையேறும் அலையையும் அனுப்புகின்றன. காற்றில்லாத வேளையில் திருடனைப்போல் வருவதால் அங்குள்ள மீனவர் இதைக் ‘கள்ளக்கடல்’ என்றனர். அறிவியலாளரும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டுள்ளனர். 2024 மே 6ஆந் திகதி, கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்களில், கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் அகப்பட்டு இறந்தனர். படித்த பிள்ளைகள். சிட்னியிலும் 1938 பெப்ரவரி 6ஆந் திகதி பொண்டாய்க் கடற்கரையில் அடுத்தடுத்து வந்த பேரலைகள் மணற்றிட்டில் நின்ற நூற்றுக்கணக்கானோரை உள்ளே இழுத்தன, ஐவர் மாண்டனர். அதுவும் விடுமுறைக் கூட்டம் நிறைந்த கோடை நாள்தான்.

மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே, கடற்கரையில் அலை உடையாது, கருநிறமாய், அமைதியாய்த் தோன்றும் இடைவெளி குழந்தைகளை இறக்கிவிடத் தக்க இடமாகத் தெரியும். கரைக்கு வந்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் அதுவே. சிவப்பு மஞ்சட் கொடிகளை உயிர்காப்போர் அவ்விடைவெளியை விலக்கித்தான் நடுகிறார்கள்.

முன்னறிவிப்பு இருந்தாலும் அது கேட்பவனின் மொழியில் வந்துசேர வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினம் என்னும் மீனவக் கிராமத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்தினர் அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி மூலம் தெருவுக்கு அறிவித்தனர். போருக்காக வளர்ந்த கலை ஒரு குப்பத்தின் கட்டுமரங்களுக்குப் பயன்பட்டது என்பதை எண்ணுந்தோறும் மகிழ்ச்சியாயிருக்கிறது.

எங்கள் வீட்டில் அந்த ஒலிபெருக்கி வேலையை மகள் செய்கிறாள். சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்குப் புறப்படுமுன் சிட்னிக் கரையின் முன்னறிவிப்பைத் தன் அம்மம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவாள். அம்மம்மா கடற்கரைக்குப் போவதில்லை. ஆனாலும் கவனமாகக் கேட்பார். “தெற்கு நெட்டலை இரண்டரை மீற்றர், பதினான்கு செக்கன்” என்றால், “அப்ப வள்ளம் இறக்கேலாது” என்று தீர்ப்பளிப்பார். பிறகு, “அங்கை எப்பிடியாம்?” என்று வினவுவார். மகள் இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையைத் தேடி எடுத்து, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை வரையான கடற்பரப்பில் காற்று தென்மேற்கிலிருந்து வீசும் என்று வாசிப்பாள்.

“அது சோளகம்” என்பார் அம்மம்மா. மகள் அச்சொல்லைத் தன் பயிற்சிக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள்.