உதைப்பதற்கு முன்

நெடுநாள் நிறுத்திவைக்கப்பட்ட மோட்டார் சைக்கிளொன்றைக் காண்போர் செய்யும் முதற் காரியம், பெரும்பாலும், அதனை உதைத்துப் பார்ப்பதே. சாவியைத் திருப்பிக் கிக்கரை வெளியே இழுத்து, உடலின் பாரம் முழுவதையும் வலக்காலில் இறக்கி ஒரு முறை. பின்னர் பத்து முறை. பின்னர் வேர்வை வழிய, வண்டியை விற்றவனை வைதபடி இன்னும் பத்து முறை. உதைப்பதில் ஏதோ ஒரு வீரம் இருப்பதாக எண்ணம் போலும். உண்மையில், நின்றுபோன இயந்திரத்தை மீட்கும் வேலையில் உதைப்பு கடைசியாக வருவது. அதற்கு முன்னர் செய்யவேண்டியவை பல. வீரத்துக்கு அவற்றிலே இடமில்லை. பொறுமையும் ஒரு சாண் செப்புக் கம்பியும் இருந்தால் அவற்றிற் பாதி முடிந்துவிடும்.

2024 ஆம் ஆண்டு தை மாதம், வலிகாமத்துக் கிராமமொன்றில் ஒரு பெண் இதனைக் கற்றுக்கொண்டாள். பட்டம் பெற்று நெடுநாள் காத்திருந்தபின் அவளுக்குப் பூநகரிப் பக்கத்துச் சிறு பாடசாலையொன்றில் ஆசிரிய நியமனம் கிடைத்திருந்தது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் அவ்வழி சுருங்கிவிட்டது உண்மையே. ஆயின், காலை மணி அடிப்பதற்கு முன் அங்கு கொண்டுபோய்ச் சேர்க்கும் பேருந்து அவளுடைய ஊரிலிருந்து இல்லை. புதிய வண்டி வாங்கலாமென்றால், 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படவில்லை. பாவித்த ஸ்கூட்டர்களின் விலையோ ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. வீட்டுப் பத்தியிலே சாக்கு மூடியபடி தகப்பனாரின் ஹொண்டா நின்றது.

தகப்பனார் கூட்டுறவுச் சங்கக் கடையொன்றின் முகாமையாளராயிருந்து ஓய்வுபெற்றவர். 1984 இல், ஏற்கெனவே ஒருவர் ஓட்டியிருந்த அவ்வண்டியை வாங்கினார். 90 சி.சி. கொள்ளளவு, ஒற்றை உருளை, 6 வோல்ற் பற்றரி. பொத்தானை அமுக்கி இயக்கும் வசதி அதற்கில்லை, எல்லாம் வலக்காலே. 2021 இன் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் சோர்ந்தன. பேச்சு முற்றாக நின்றுவிடவில்லை. எனினும், ஒவ்வொரு சொல்லும் ஆழக்கிணற்றிலிருந்து அள்ளப்படுவதுபோல நேரமெடுத்தே வந்தது. அதன்பின் வண்டியைப் பற்றி அவர் முன்னிலையில் எவரும் பேசுவதில்லை. ஊர்க் கராச்சுக்காரர் வந்து விலை கேட்டபோது முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார். வெளிநாட்டிலிருக்கும் மகன், பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாமே என்று தொலைபேசியில் சொன்னதற்கும் பதிலில்லை. சாவி அவருடைய தலையணையின் கீழே கிடந்தது. வண்டி மறுபடி ஓடுமானால் அதனை உதைப்பது வேறொருவரின் காலாக இருக்கும். நின்றிருக்கும்வரை அது அவருடையது.

சாவியை எடுத்துக் கொடுத்தவர் தாயார். ஒரு காலைப்பொழுதில் மகள் சாக்கை நீக்கித் தூசு தட்டி, எல்லோரையும் போல நேரே கிக்கரில் காலை வைத்தாள். அது அசையவில்லை. மிதிகட்டையில் ஏறி நின்று முழுப்பாரத்தையும் இறக்க அவள் ஆயத்தமானபோது விறாந்தையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“பொறு!”

இரண்டாண்டுகளுக்கு மேலாக அந்தக் குரல் அவ்வளவு விரைவாக வந்ததில்லை. கேட்டுப் பழகிய ஒரு செவி ஆபத்தை உணர்ந்து, நோயையும் மனத்தாங்கலையும் முந்திக்கொண்டு போட்ட சத்தம் அது. பாடநூல்கள் முசலம் என்றும் கராச்சுக்காரர் பிஸ்ரன் என்றும் கூறும் உறுப்பைச் சுற்றி வளையங்கள் உள்ளன. ஈரக் காற்று உட்புகுந்தால் அவை உருளையின் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். அந்நிலையிற் பலவந்தம் பண்ணினால் வளையம் முறியும், சுவர் கீறும். மீளவும் பொருத்துவதற்குச் செலவாகும் பணம் வண்டியின் விலையைத் தாண்டிவிடும். அவர் இவ்வளவையும் விளக்கவில்லை. கதிரையைப் பத்திக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போடச் சொன்னார். “பிளக்... கழட்டு” என்றார். பின்னர், “ஒயில். ஒரு கரண்டி.”

பிளக் கழற்றப்பட்ட துளை வழியாக ஒரு கரண்டி இயந்திர ஒயில் விடப்பட்டது. அன்றைக்கு வேலை அவ்வளவுதான். மறுநாள், வண்டியை மேற்கியரில் இட்டு, பின்சில்லைப் பிடித்து முன்னும் பின்னுமாக மெல்ல மெல்ல ஆட்டச் சொன்னார். முன்பகல் முழுவதும் பயனில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் மறுபடி ஆட்டியபோது சில்லு ஒரு விரற்கடை நகர்ந்தது, பின் இரண்டு, பின்னர் இயந்திரத்தினுள் ஏதோ நெகிழ்ந்து கொடுத்தது. அவள் தகப்பனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய இடக்கை கதிரையின் சட்டத்தைப் பற்றியபடி இருந்தது.

அடுத்தது எரிபொருள் தாங்கி. மூடியைத் திறந்தபோது உட்புறம் முழுவதும் செந்நிறத் துரு. தாங்கி நிறைந்திருந்தால் இவ்வளவு துருப்பிடித்திராது. வெற்றுத் தாங்கிக்குள் இரவு தோறும் ஈரம் படிந்தே இது நேர்வது. அது வெறுமையாய் நின்றதற்கும் ஒரு காரணம் இருந்தது. 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாடெங்கும் பெற்றோலுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வேளை அயல்வீட்டுக்காரர் தம் மனைவியை இரவிலே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வழியின்றி வந்து நின்றார். ஹொண்டாவினுள் எஞ்சியிருந்த இரண்டு லீற்றரை இறப்பர்க் குழாயால் உறிஞ்சிக் கொடுக்குமாறு தகப்பனார் கையாற் காட்டினார். பிறகு, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்ற பங்கீட்டு முறை வந்தபோதும், ஓடாத வண்டிக்கு எண்ணெய் எதற்கென்று எவரும் நிரப்பவில்லை. அன்று செய்த உதவியே இன்று துருவாய் நின்றது. ஒரு பிடி குறுணிக்கல்லும் மண்ணெண்ணெயும் இட்டு, இரண்டு நாள் குலுக்கிக் குலுக்கிக் கழுவவேண்டியதாயிற்று.

மண்ணெண்ணெய் மணம் கிளம்பியதும் தாயார் குசினியிலிருந்து வெளியே வந்தார். பக்கப் பெட்டியில் ஆயுதங்களைத் தேடிய மகளின் கையில், அதே நேரம், ஒரு சிறிய மருந்துப் போத்தல் அகப்பட்டது. அதன் இறப்பர் மூடி கல்லாய் இறுகியிருந்தது. இது என்ன என்று அவள் கேட்டதற்குத் தாயாரே விடை கூறினார்.

1990 ஆனியிற் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெயும் பங்கீட்டுக்கே கிடைத்தது. குடாநாட்டின் வாகனங்கள் யாவும், பழைய மொறிஸ் மைனர் முதல் 90 சி.சி. வண்டி வரை, அந்த மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. ஆனால், மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது; தீப்பொறி எவ்வளவு விழுந்தாலும் பற்றாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அத்துளிகள் பொன்னின் விலை பெற்றன. ஒவ்வொரு வண்டியிலும் இப்படியொரு போத்தல் இருந்தது. ஓடும்போது வெண்புகை எழும், இயந்திரம் அடித்துக்கொள்ளும், எரியாத எண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். ஓட்டுபவரின் சட்டையில் விளக்கெரித்த மணம் போகாது. அவர் சங்கக் கடையில் மண்ணெண்ணெய் அளந்து கொடுத்தவர். தம் பங்குக்கு மேல் ஒரு துளி எடுத்ததில்லை என்று தாயார் சொன்ன குரலில் பெருமையும் உண்டு, ஒரு பழைய கோபமும் உண்டு. 1993 இல் மூத்தவன் பிறக்க இருந்த இரவில், அந்தப் போத்தலின் அடியிற் கிடந்ததைக் கொண்டே வண்டி இயங்கியது. ஒரே உதை, என்றார் தாயார். பழைய இரும்புக்குக் கொடுக்கச் சொன்னவன் அந்த மூத்தவனே.

1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அவ்வண்டி ஓட்டப்படவில்லை. மழையிலும் சனநெருக்கத்திலும் ஓட்ட இடமில்லை. இரு புறமும் மூட்டைகளைத் தொங்கவிட்டு அதனைத் தள்ளிக்கொண்டே நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர்; மறு வருடம் தள்ளிக்கொண்டே திரும்பினர். தாயார் இதைச் சொல்லி முடிக்கும்வரை தகப்பனார் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி வாங்கித் தமது சட்டைப் பையில் இட்டுக்கொண்டார்.

மற்ற வேலைகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெற்றோல் வற்றும்போது அதன் இலேசான பகுதி பறந்து, எஞ்சியது பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும். அவற்றைக் குத்துவதற்கு அவள் ஊசியை எடுத்தபோது அவர் தலையை அசைத்து மறுத்தார். துளைகள் பித்தளையில் ஆனவை. உருக்கு அவற்றைப் பெருப்பித்துவிடும். மின்கம்பியிலிருந்து உருவிய ஒரு செப்பிழையே போதுமானது. பொயின்ற் முனைகளிற் படிந்த கறையை நுண்ணிய அரத்தாளால் உரசி, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை வைக்கவேண்டும். அதற்கு அளவுகருவி வீட்டில் இல்லை. பழைய கலியாண அழைப்பிதழ் ஒன்றின் துண்டு அந்தத் தடிப்பே என்று அவர் கண்டுவைத்திருந்தார். பற்றரி புதிதாக வாங்கப்பட்டது. ஒயில் மாற்றப்பட்டது. அந்தி மங்கியபின் பிளக்கை உருளைத் தலையிற் சாய்த்துப் பிடித்து, கிக்கரைக் கையால் அமுக்கியபோது நீலப் பொறி ஒன்று தெறித்தது. அவர் அன்றிரவு வழக்கத்துக்கு மாறாக இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகத் தாயார் கூறுவார்.

மறுநாட் காலை உதைத்தாள். தீப்பொறி உண்டு, பெற்றோல் உண்டு, அமுக்கமும் உண்டு, வண்டி இயங்கவில்லை. இருபது முறை உதைத்திருப்பாள். இறுதியிற் கண் கலங்கிப் படியிலே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த திங்கள் பாடசாலையிற் கடமையேற்க வேண்டும்.

தகப்பனார் பொல்லை ஊன்றி எழுந்து, சுவரைப் பிடித்தபடி வண்டியின் பின்புறத்துக்கு வந்தார். அதற்குச் சில நிமிடங்கள் ஆயின. தாயார் தாங்க வந்தபோது விலகச் சொன்னார். குனிந்து சைலன்சரின் வாயில் இடது உள்ளங்கையை வைத்து, உதைக்குமாறு கண்ணாற் காட்டினார். அவள் உதைத்தாள். அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு முறை காட்டினார். பின்னர் நிமிர்ந்து, “மூச்சு இல்லை” என்றார்.

நீண்ட கம்பியொன்றை உள்ளே விட்டுக் குடைந்தபோது மண்கட்டிகள் உதிர்ந்தன. அவற்றோடு காய்ந்த சிலந்திகள் பல. குளவி கூடு கட்டித் தன் குஞ்சுக்கு இரை சேமித்து வைத்திருந்தது. புகை வெளியேற வழியில்லாத இயந்திரம் புதுக்காற்றை உள்ளே எடுக்கவும் மாட்டாது. தேர்ந்த கராச்சுக்காரரும் காபரேற்றரைப் பத்து முறை கழற்றிப் பூட்டிய பின்னரே இந்த இடத்துக்கு வந்திருப்பர்.

அதன் பின்னர் அவர் உதைக்கக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் கையாலேயே. சோக்கை மூடு, கைப்பிடியைத் திருகாதே. கிக்கரை மெல்ல அமுக்கிக்கொண்டு போனால் ஓரிடத்தில் எதிர்த்து நிற்கும். அதுவே அமுக்கத்தின் உச்சி. அதனை மயிரிழை தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பின்னர் விரல்களாலன்றி நடுப்பாதத்தால், இடையில் நிறுத்தாமல் அடிவரை உதைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து பி.எஸ்.ஏ. எம் 20 போன்ற 500 சி.சி. வண்டிகளில் இந்த ஒழுங்கைத் தவறவிட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் காலைப் பதம்பார்த்துவிடும். இச்சிறிய ஹொண்டா அவ்வளவு கொடியதன்று. எனினும், அவர் ஒழுங்கை விட்டுக்கொடுப்பவரல்லர். உச்சியைத் தேடும்போது அவருடைய பார்வை அவளுடைய பாதத்தில் இருந்தது. செருப்புக்குள் அசையாத அவரது வலக்கால், ஒவ்வொரு முறையும், சற்றே இறுகியதைத் தாயார் கண்டார்.

மூன்றாம் உதையில் இருமியது. ஐந்தாம் உதையில் பிடித்துக்கொண்டது. உருளைக்குள் விட்ட ஒயில் எரிந்து நீலப்புகை பத்தியை நிறைத்தது. கோழிகள் வேலிக்கப்பால் ஓடின. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். தகப்பனார் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டபடி, “சோக்... திற” என்றார். சத்தம் சீரானது. ஒரு நிமிடம் வரை கேட்டுக்கொண்டிருந்தபின், கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அவரே நிற்பாட்டினார்.

அவள் திகைத்து நின்றாள்.

“இனி... நீயா” என்றார். பொல்லை ஊன்றித் திரும்பி நடந்து, கதிரையில் வண்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அவள் தனியே உச்சியைத் தேடினாள். முதலுதை பொய்த்தது. அடுத்ததில் பிடித்தது. ஒழுங்கை முகப்பு வரை ஓட்டிச் சென்று, பின்னர் சந்தி வரை சென்று, திரும்பி வந்து படலைக்குள் நிறுத்தியபோது அவர் கதிரையைத் திருப்பிப் போடுவித்திருந்தார். வண்டியை அல்ல, அது முன்னர் நின்ற இடத்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே காசளவில் ஒரு கறை.

“ஒயில் ஒழுகுது, பிள்ளை. நாளைக்குப் பாப்பம்.”